பன்னிரண்டாவது மூட்டு

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையில் இருக்கும் விஜயராஜ் அண்ணாச்சியின் பட்டறையிலிருந்து, பிரேக் வேலை பார்த்த எந்த வண்டியும் நீலத்தாள் சோதனைக்கு உட்படாமல் வெளியே போனதில்லை. பிரேக் எண்ணெய் ஓடும் குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் ஒவ்வொரு மூட்டிலும் விரல் அகல நீலத்தாள் துண்டு ஒன்றைச் சுற்றி நூலால் கட்டிவிடுவார்கள். பிறகு ஓட்டுநர் இருக்கைக்கும் பிரேக் மிதிக்கும் இடையே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, மிதி அழுந்திய நிலையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிடுவார்கள். தீப்பெட்டி ஒட்டுவதற்காக வந்த தாள் அது, மெல்லியது, சொரசொரப்பானது. ஒரு துளி எண்ணெய் பட்டாலும் கறுத்துவிடும். விரலால் தடவினாலும் தெரியாத கசிவை அது காட்டிக்கொடுக்கும். நேரம் முடிந்ததும் துண்டுகளை அவிழ்த்து, வண்டி எண்ணை எழுதி, நீளமான குறிப்பேடு ஒன்றில் வரிசையாக ஒட்டி, அவற்றின் கீழே கையெழுத்திடுவார்கள். அந்தக் கையெழுத்து விழாத வண்டிக்குச் சாவி தரும் வழக்கம் இல்லை.

கையெழுத்து எப்போதும் விஜயராஜுடையதாகவே இருந்தது. குழாயை வெட்டி, வளைத்து, வாய் விரித்து, பூட்டுகிறவள் தங்கமாரி. பதினோரு ஆண்டுகளாக அப்படித்தான்.

தங்கமாரிக்கு நாற்பத்து மூன்று வயது. புதூர்ப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் தீப்பெட்டி வேலைக்கு வந்தவள். சட்டத்துக் கட்டைகளில் குச்சிகளை ஒன்றுகூட நீட்டிக்கொண்டிராமல் அடுக்குவது அவளுடைய வேலை. அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட ஆண்டில், டிராக்டர்களுக்கு எண்ணெய்க் குழாய் அழுத்தித் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார் விஜயராஜ். பெண்பிள்ளை என்று அவர் தயங்கினார். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். குழாயின் வாயைப் பிளவில்லாமல் மடிப்பதற்குப் பலம் தேவையில்லை, குச்சி அடுக்கும் விரல் போதும் என்பது இரண்டு நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஒரு வாரத்தைப் பற்றி இருவருமே பேசியதில்லை.

லாரி ஓட்டும் அவளுடைய கணவன் வெயிலுமுத்து, மாதத்தில் இருபது நாள் வடக்கே இருப்பவன். கைப்பேசியில் அழைத்தால் முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டைப் பற்றித்தான்.

“ஏட்டி, நோட்டுல ஒம் பேரு ஏறிட்டா? இல்லன்னா சொல்லு, லாரிக்குப் பின்னால எழுதிக்கிடுதேன்.”

“லாரி மொதலாளி பாத்தா ஒங்க சீட்டக் கிழிச்சிருவாரு” என்று இவள் பேச்சை முடித்துவிடுவாள். ஆயினும் அவன் கேட்காத நாளில் அவளுக்கு ஏதோ குறைந்ததுபோல் இருக்கும்.

இந்தப் பங்குனியில் விஜயராஜுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வண்டிக்கு அடியில் படுப்பது அவருக்கு இனி ஆகாது. சித்திரை மூன்றாம் வாரத்தில் ராமசுப்புவின் ஜீப் பட்டறைக்கு வந்தபோது, நாற்காலியில் காலை நீட்டியபடியே அவர் சொல்லிவிட்டார்:

“இத முழுசா நீயே முடி, தங்கமாரி. கையெழுத்தும் நீயே போடு. சரியா அமஞ்சிட்டுன்னா இனிமே அந்த நோட்டு ஒங்கிட்டயே இருக்கட்டும்.”

ராமசுப்பு தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி. ஜீப் அவருடைய அப்பா வாங்கியது. அறுபது ஆண்டுகளுக்குக் குறையாத வயது. விதைப்புக் காலத்தில் டிராக்டரே தயங்கும் கரிசலிலும் அது போய் வந்திருக்கிறது. போவதில் குறையில்லை, நிற்பதில்தான். நான்கு சக்கரங்களிலும் சின்ன டிரம் பிரேக். நான்குக்கும் சேர்த்து ஒரே குழாய்வழி. மூன்று முறை மிதித்தால்தான் வண்டி நிற்கும். பின்னால் சிவப்பு விளக்கு மூன்று முறை மின்னினால் அது ராமசுப்பு அண்ணாச்சியின் ஜீப் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். போன ஆண்டு இடைசெவல் விலக்கில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தபோது, மூன்றாவது மிதி விழுவதற்குள் ஜீப் சாலையை விட்டு இறங்கி உடைமுள் புதருக்குள் போய் நின்றது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி பேபிக்குக் கையில் பதினான்கு முள். அன்றிலிருந்து அந்த ஜீப்பில் அவர் ஏறவில்லை.

புதூருக்கு அப்பால் இருக்கும் குலதெய்வத்துக்குச் சித்திரைக் கடைசி வெள்ளியில் கொடைத் திருவிழா. கடைசி இரண்டு மைல் வண்டிப்பாதை. நடுவில் செங்குத்தாக இறங்கி ஏறும் ஓடை ஒன்று. காரில் வந்தவர்கள் ஓடைக் கரையிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பேபியும் போன கொடைக்கு அப்படித்தான் வெயிலில் நடந்தார். இந்த முறை மனைவியை ஜீப்பில் வைத்தே கோயில் வாசலில் இறக்கிவிட வேண்டும் என்பது ராமசுப்புவின் ஆசை. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்னால் பெரிய டிரம், முன்னும் பின்னும் தனித்தனிக் குழாய்வழி என்று முடிவாயிற்று.

பழைய குழாய்களை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்றார் ராமசுப்பு. தங்கமாரி அவற்றில் ஒன்றைக் கழற்றி இரண்டாக வெட்டி, உள்ளே பிடித்திருந்த துருவைக் காட்டினாள். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவளுடைய வேலை முறை எளிது. முதலில் கட்டுக்கம்பியை வளைத்து, குழாய் போகவேண்டிய வழி முழுவதற்கும் ஒரு மாதிரி செய்துகொள்வாள். பழுக்கச் சூடேறும் புகைக்குழாயிலிருந்து நான்கு விரல் தள்ளியிருக்க வேண்டும். சட்டத்தின் கூர்விளிம்பில் உரசக் கூடாது. சக்கரம் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும்போது ரப்பர்க் குழாய் இழுபடக் கூடாது. கரிசல் மண் மழையில் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு திரண்டுவரும் என்பதால், அச்சின் முன்பக்கமாக எந்தக் குழாயையும் அவள் கொண்டுபோக மாட்டாள். பின்பக்கம் ஒதுக்கியே ஓட்டுவாள். மாதிரி சரியாக அமைந்த பிறகுதான் இரும்புக் குழாயில் கை வைப்பாள். வெட்டி, உள்விளிம்பில் நிற்கும் பிசிறை அராவி, மூட்டை இறுக்கும் திருகுமரையை முதலில் கோத்து, அதற்குப் பிறகே வாயை விரித்து உள்நோக்கி மடிப்பாள். மரையைக் கோக்க மறந்து வாயை விரித்துவிட்டால், பிறகு அது ஏறாது, வாயை வெட்டி எறிய வேண்டியதுதான். பட்டறையில் அந்தத் தவற்றைச் செய்யாதவர் இல்லை. உதவிக்கு இருக்கும் பையன் சுடலைக்குமார் ஒரே நாளில் மூன்று முறை செய்து, குழாயை மாலையாகப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

ஒவ்வொரு குழாயின் கடைசியிலும் தங்கமாரி ஒரு சிறிய வளைவை வைப்பாள். வாய் பழுதானால் அரை அங்குலம் வெட்டிப் புதிதாக விரிப்பதற்கு அந்த வளைவில் மிச்சம் இருக்கும். குழாயை வீணாக்குகிறாள் என்று விஜயராஜ் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆறு நாளில் வேலை முடிந்தது. மொத்தம் பன்னிரண்டு மூட்டுகள். வியாழக்கிழமை பிற்பகலில் அவள் நீலத்தாளை எடுத்தபோது கட்டு ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. இப்போது தீப்பெட்டிகள் அட்டையில் வருகின்றன. நீலத்தாளுக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். வேலையைப் பார்க்க வந்திருந்த ராமசுப்பு அதைக் கவனித்தார். காரிலிருந்து தம்முடைய தொழிற்சாலை லேபிள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைத் தாளில் சூரியகாந்திப் பூ அச்சிட்டது.

“தாளுக்கு எதுக்கும்மா தேடுத? இது வெளிநாட்டுக்குப் போற சரக்கு. ரெண்டு பக்கமும் பாலிஷ் போட்டது. மழையில கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது” என்றார்.

தங்கமாரி அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு முதலாளி தம்முடைய சரக்கையே எடுத்துத் தரும்போது வேண்டாமென்பது மரியாதையாக இராது. அவர் சொன்னது காதில் விழுந்தது. அதில் அவள் நினைப்பைச் செலுத்தவில்லை. பன்னிரண்டு துண்டுகளைக் கத்தரித்துப் பன்னிரண்டு மூட்டுகளிலும் கட்டினாள். கட்டையை முட்டுக்கொடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து அவிழ்த்தபோது பன்னிரண்டும் கட்டியபடியே வெள்ளையாக இருந்தன. அவற்றை ஒட்டி, தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினாள். விஜயராஜ் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துத் தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார். அன்று அவள் அதை வீட்டுக்கே எடுத்துப்போனாள். பெயர் ஏறிவிட்டது என்று கைப்பேசியில் சொன்னதும், எதிர்முனையில் வெயிலுமுத்து லாரியின் ஒலிப்பானை நீளமாக அடித்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ராமசுப்புவும் பேபியும் வந்துவிட்டார்கள். பேபி பட்டுப்புடவை கட்டியிருந்தார். முகத்தில் மட்டும் தயக்கம் போகவில்லை. ஜீப்பை இரண்டு முறை சுற்றிவந்து, நிற்குமா என்று தங்கமாரியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். ஒரே மிதியில் நிற்கும் என்றாள் தங்கமாரி. அதற்குப் பிறகே அவர் ஏறி உட்கார்ந்தார். விஜயராஜ் சூடம் காட்டினார். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சுடலைக்குமார் தன் ஊர்க் கொடைக்குப் போய்விட்டதால், மற்ற எல்லாவற்றையும் தங்கமாரியே பார்க்க வேண்டியிருந்தது. ஜீப் நகர்ந்தது, பழங்கள் நசுங்கின, வண்டி வாசலை நோக்கி மெல்ல ஊர்ந்தது.

பின்பக்கம் பொட்டு வைக்கவில்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கிண்ணத்திலிருந்த சந்தனத்தைக் கையிலிருந்த லேபிள் துண்டு ஒன்றில் எடுத்துக்கொண்டு ஓடினாள். நீர்த்துப்போன சந்தனம் தாளின்மேல் சேம்பிலையில் விழுந்த தண்ணீர்போல் உருண்டு திரண்டது. தாளைச் சாய்த்தாள், துளிகள் ஓடிக் கீழே விழுந்தன. தாளில் ஈரமே இல்லை. கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தாள். இல்லை.

அவள் ஜீப்புக்கு முன்னால் போய்ப் பானெட்டின்மேல் கையை வைத்தாள்.

“நிப்பாட்டுங்க அண்ணாச்சி.”

ராமசுப்பு மிதித்தார். வண்டி இருந்த இடத்திலேயே நின்றது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா, ஒரே மிதி. எப்படி நிக்குது!”

வண்டியைப் பட்டறைக்குள் திருப்ப வேண்டும், சோதனை செல்லாது என்று அவள் சொன்னாள். அவருடைய சிரிப்பு மறைந்தது. பழம் நசுக்கிய வண்டியைத் திருப்புவதா, அதுவும் கொடைக்குப் போகிற வண்டியையா என்று கேட்டார். நேற்றுப் பன்னிரண்டும் காய்ந்திருந்ததைத் தாமே கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

தங்கமாரி லேபிளை அவருக்கு முன்னால் நீட்டி, கிண்ணத்துச் சந்தனத்தை இன்னும் ஒரு துளி அதில் விட்டாள். அது உருண்டோடியது.

“இந்தத் தாளு எதையும் குடிக்காது, அண்ணாச்சி. மூட்டுல எண்ண வடிஞ்சிருந்தாலும் இது காஞ்சுதான் இருக்கும். நேத்து நான் ஒண்ணையும் சோதிக்கல. சோதிச்சதா நெனச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

நாற்காலியிலிருந்த விஜயராஜுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. ஆனால் வாசலில் நிற்பது ஊரறிந்த முதலாளி. மதியக் கொடைக்குப் போயாக வேண்டியவர். முன்னும் பின்னும் தனித்தனி வழிதானே, ஒன்று கசிந்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்திவிடும், போய்விட்டு வரட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வண்டி அன்றைக்குப் போய்த் திரும்பியும் இருக்கலாம். தங்கமாரிக்கும் அது தெரியும். அவர் சொன்னபடி விட்டுவிட்டால் குறிப்பேடு அவளிடமே இருக்கும். திருப்பினால், முதல் வண்டியிலேயே தவறிவிட்டாள் என்ற பேச்சு தீப்பெட்டித் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் போகும். ஓடையின் இறக்கத்தை அவள் நினைத்துப் பார்த்தாள். அந்தப் பாதையில் அவள் நடந்திருக்கிறாள்.

“ஒங்க கையெழுத்துன்னா அனுப்புங்க, அண்ணாச்சி. நோட்ட இப்பவே தந்திருதேன். எங் கையெழுத்துல இந்த வண்டி போகாது.”

பேபி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். கணவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

“ஈரமே புடிக்காத லேபிளுன்னு நாலு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது நீங்கதான? அதக் கொண்டாந்து ஈரம் பாக்கக் குடுத்திருக்கிய. வண்டியத் திருப்புங்க.”

ராமசுப்பு வண்டியைத் திருப்பினார். பிறகு மைத்துனருக்குத் தகவல் சொல்வதற்காகக் கைப்பேசியோடு தேநீர்க் கடைப் பக்கம் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

எஞ்சியிருந்த நீலத்தாள் ஒன்பது துண்டுக்குத்தான் வரும். தங்கமாரி அகலத்தைக் குறைத்துக் கத்தரித்துப் பன்னிரண்டுக்கும் போதுமாக்கி, ஓரத் துணுக்குகளைக்கூட எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் அவள் எங்கும் போகவில்லை. மண்ணெண்ணெயில் கருவிகளைக் கழுவி வரிசையாக வைத்தாள். வரிசையாக வைத்தவற்றையே திரும்பவும் கழுவினாள். எட்டரைக்கு அடியில் படுத்து முன்பக்கத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டே வந்தாள். பதினொன்று வெளிர்நீலமாகவே இருந்தன. பின் அச்சின் நடுவிலிருந்து இடது சக்கரத்துக்குப் பிரியும் மூட்டு பன்னிரண்டாவது. அதில் சுற்றிய துண்டின் ஒரு விளிம்பு, உளுந்தளவுக்குக் கறுத்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து விஜயராஜின் கையில் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊன்றியிருந்த கோலைச் சுவரில் சாத்திவிட்டு, விளக்கைத் தாமே தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் குனிய முடிந்த அளவுக்குக் குனிந்து நின்றார்.

மூட்டைக் கழற்றியபோது குழாய் வாயின் மடிப்பில் மயிரிழை போன்ற ஒரு கீறல் தெரிந்தது. புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் செய்த கடைசிக் குழாய் அது. பிசிறைச் சரியாக அராவாமல் விட்டிருக்கிறாள். வளைவில் வைத்திருந்த மிச்சம் இப்போது கைகொடுத்தது. அரை அங்குலம் வெட்டினாள். அராவினாள், விளக்கொளியில் பார்த்தாள், மறுபடியும் அராவினாள். வாயை விரிக்கப் போகும்போது விஜயராஜ் இலேசாக இருமினார். கீழே பார்த்தாள், திருகுமரை தரையில் கிடந்தது. அதை எடுத்துக் கோத்துக்கொண்டாள்.

“வளைவு வீணுன்னு சொன்னீங்களே, அண்ணாச்சி.”

“மரையப் போடும்மா மொதல்ல” என்றார் அவர்.

மூட்டைத் திறந்ததால் அந்த வழியில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மிதியை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். சுடலைக்குமார் ஊரில் இல்லை. விஜயராஜின் கால் மிதிக்கு ஆகாது. ராமசுப்பு இன்னும் தேநீர்க் கடையில். தங்கமாரி வாசலைப் பார்ப்பதைக் கவனித்த பேபி, செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

“எந்த மிதின்னு மட்டும் சொல்லு.”

நடு மிதி என்றாள் தங்கமாரி. அமுக்குங்க என்றால் அமுக்க வேண்டும், விடுங்க என்று சொல்லும்வரை விடக் கூடாது. முதல் இரண்டு மூன்று முறை மிதி கால் அடியில் தொளதொளவென்று இறங்கியது. பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் இருக்கிறதே என்றார் பேபி. அடியிலிருந்து, அது காற்று, போய்க்கொண்டிருக்கிறது என்று குரல் மட்டும் வந்தது. பத்தாவது முறை மிதி பாதி வழியில் நின்றது. பதினைந்தாவது முறை பேபி அமுக்கியபோது கல்லை மிதித்ததுபோல் இருந்தது. அவர் காலை எடுத்துவிட்டுத் தாமாகவே மறுபடியும் அமுக்கிப் பார்த்தார். அங்கேயே நின்றது.

“போதும் அக்கா, விடுங்க” என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

எடுத்து வைத்த துணுக்குகளைப் பின்பக்க மூட்டுகளில் கட்டி இன்னொரு மணி நேரம் காத்திருந்தார்கள். துணுக்குகள் அத்தனையும் கறுக்காமல் வந்தன. தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பிய ராமசுப்பு, இப்போதாவது புறப்படலாமா என்று பொதுவாகக் கேட்டார். திரும்பி வந்த வண்டிக்கு மறுபடியும் பழம் வைக்க வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. பட்டறையில் இரண்டு பழங்கள்தாம் மிச்சம். கடைக்குப் போய் வர இன்னும் கால் மணி நேரம் ஆகும்.

“முன்ன ரெண்டுலயும் ஒரு கொறையும் இல்லன்னு தாளே சொல்லிட்டு. பின்ன ரெண்டுக்கும் வச்சாப் போதும்” என்றார் பேபி. தங்கமாரி அப்படியே வைத்தாள்.

பழங்கள் நசுங்குவதற்கு முன்பே குறிப்பேட்டை விரித்தாயிற்று. முந்தைய நாள் பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்னார் விஜயராஜ். அவள் கிழிக்கவில்லை, குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். பதினொரு வெளிர்நீலத் துண்டுகளை ஒட்டினாள். பன்னிரண்டாவது இடத்தில் கறுத்த துண்டையும், அதன் பக்கத்தில் பிறகு கட்டிய துணுக்கையும் ஒட்டினாள். கறுத்ததை எதற்கு ஒட்டுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்திட்டு அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“ஒங்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

இப்போது அந்தப் பட்டறையில் எந்தப் புதுத் தாள் வந்தாலும், முதல் துண்டின்மேல் அவள் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பார்க்கிறாள். கொண்டுவந்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவருக்கு முன்னாலேயே விட்டுப் பார்க்கிறாள்.

அன்று ஜீப் புறப்பட்டபோது மணி பத்தேமுக்கால். தங்கமாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளியிருக்கும் வேகத்தடையில் வண்டி நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. இரண்டாவது முறை எரிகிறதா என்று அவள் காத்திருந்தாள். எரியவில்லை. ஜீப் தடையைத் தாண்டி எட்டயபுரம் பக்கமாகப் போயிற்று.